மலையில் காற்று சரியில்லையாம்

இந்த நாட்டில் காற்றுக்கும் மார்க் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடுவது போல இன்றைக்குக் காற்று நல்லது, இன்றைக்குப் பரவாயில்லை, இன்றைக்குக் கூடாது என்று ரீவியில் சொல்கிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். சோளகம், வாடை, கச்சான் என்று காற்றுக்கு மூன்று பெயர் தெரிந்தால் ஒரு மனிதன் அங்கே சீவித்துவிட்டுப் போகலாம். காற்று நல்லதோ கெட்டதோ என்று ஒருவரும் வாசலில் வந்து சொன்னதில்லை. இங்கே காலநிலை காட்டுவதற்கென்றே ஒரு சனல் இருக்கிறது. படமும் இல்லை, பாட்டும் இல்லை, நாள் முழுக்க மழையும் பனியும் காற்றும்தான். அதைத்தான் நான் பார்ப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் மூன்றாம் வகுப்போடு சரி. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள் சுகந்திதான் எழுதுகிறாள். ஆனால் அந்தச் சனலில் வருகிற நிறங்கள் எனக்குப் பாடம். நீலம் என்றால் பனி. ஊதா என்றால் ஐஸ் மழை. சிவப்புப் பட்டி கீழே ஓடினால் எங்கேயோ ஆபத்து.

என் மகன் தயாளன் நீள ட்ரக் ஓடுகிறவன். ரொறன்ரோவில் சாமான் ஏற்றிக்கொண்டு வன்கூவருக்குப் போவான், வருவான். போகிற வழியில் ரொக்கி மலை குறுக்கே படுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான் எங்களுக்கு உயரம். இங்கே ரொறன்ரோ வோபர்னில் நாங்கள் இருக்கிற அப்பார்ட்மென்டும் ஏழாம் மாடி, அதுவே எனக்குத் தலை சுற்றும். மலைக்கு நடுவே, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக, பனியில் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவது எப்படி என்று ஒருமுறை அவனைக் கேட்டேன். “மெதுவா ஓட்டுறதுதான் ஐயா, வேறை என்ன,” என்றான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். குளிரும் புகையும் ஒத்துக்கொள்ளாது. ஊரில் அடுப்படியில் ஈரவிறகு புகைந்தாலே இவனுக்கு நெஞ்சு பூனை மாதிரிக் கத்தும். இங்கே வந்த பிறகு டொக்டர் ஒரு பம்ப் கொடுத்தார். வாயில் வைத்து ஒருதரம் அமத்தினால் மூச்சு வரும். அது இல்லாமல் அவன் வாசல் தாண்ட மாட்டான்.

அன்றைக்குத் தாண்டினான்.

காலையில் வெளிக்கிட்டான். சுகந்தி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். சப்பாத்தைப் போட்டான், தொப்பியை எடுத்தான், “போட்டு வாறன் ஐயா,” என்றான். “நல்லது, போட்டு வா,” என்றேன். அவன் கதவைத் தாண்டிய பிறகுதான் ரெலிபோன் மேசையில் அந்த நீலப் பம்ப் இருப்பதைக் கண்டேன். அவன் லிப்டுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். வெளிக்கிட்டுப் போகிறவனைப் பின்னுக்கு நின்று கூப்பிடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். எங்கே போகிறாய் என்று கேட்கவும் கூடாது. அதனால் இந்தத் தடவை எந்த ரோட்டால் போகிறான் என்றும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. லிப்ட் வந்தது, போய்விட்டான். கையில் கொண்டுபோகிற போனும் அவனிடம் இல்லை.

இது வெறும் மூடப்பழக்கம் என்று படித்தவர்கள் சொல்லலாம். என் மனுசி பூமணிக்கு ஒரு தம்பி இருந்தான், சின்னராசா. மழைக்காலத்தில் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினவனை இவள் பின்னால் கூப்பிட்டாள், “டேய், குடையை விட்டிட்டுப் போறாய்” என்று. அவன் திரும்பி வந்தான். கூப்பிட்டால் வந்து இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் அல்லவா? இருத்தினாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனான். சந்தைச் சந்தியில் செல்குண்டு விழுந்தபோது அவன் சரியாக அங்கே நின்றான். தண்ணீர் குடிக்காமல் போயிருந்தால் சந்தியைத் தாண்டியிருப்பான் என்று ஒரு பகுதி சொன்னது. கூப்பிட்டதுதான் பிழை என்று மறு பகுதி சொன்னது. அதற்குப் பிறகு பூமணி ஒருவரையும் பின்னால் நின்று கூப்பிட்டதில்லை. வேலி தாண்டிப் போகிற கோழியைக்கூட முன்னுக்கு ஓடிப்போய்த்தான் மறிப்பாள். அவள் இப்போதும் ஊரில் எங்கள் மகளோடு இருக்கிறாள். நான் மட்டும் இங்கே வந்துவிட்டேன்.

தயாளன் போய் சில நாளில், மலையை எட்டியிருப்பான் என்று நாங்கள் நினைத்திருந்த பொழுதில், ரீவியில் சிவப்புப் பட்டி ஓடியது. படத்தில் இடதுபக்கம் மலையிருக்கிற இடம் முழுக்க நீலம், நீலத்துக்கு நடுவே ஊதா. ரொறன்ரோவில் அன்றைக்குக் காற்று நல்லது என்று போட்டிருந்தார்கள். வேலையால் வந்த சுகந்தி கோட்டைக் கழற்றாமலே ரீவிக்கு முன்னால் நின்றாள்.

“ரீவியிலை என்ன சொல்லுறான் பிள்ளை?”

“மலைப் பக்கம் பெரிய ஸ்ரோம் மாமா. ரோட்டெல்லாம் பூட்டிப் போட்டாங்களாம். மேலையிருந்து பனி சரிஞ்சு விழுதாம்.”

“வேறையும் என்னவோ சொல்லுறான். காத்து எண்டு போடுறான்.”

அவள் ரீவிச் சத்தத்தைக் கூட்டினாள். “மலைக்கு நடுவிலை இருக்கிற ஊருகளிலை எல்லாரும் விறகு எரிக்கினமாம். குளிர் மேலை மூடி போட்ட மாதிரி நிக்கிறதாலை புகை வெளியிலை போக இடமில்லையாம். காத்து கூடாதாம். முட்டு வருத்தக்காரர் வெளியிலை வர வேண்டாமாம்.”

இரண்டு பேரும் ரெலிபோன் மேசையைப் பார்த்தோம். பம்ப் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருவரும் அதைத் தொட்டு எடுத்து வைக்கவில்லை.

“நீங்கள் கண்டனீங்களோ மாமா?”

“ஓம் பிள்ளை. அவன் லிப்டுக்குப் பக்கத்திலை நிக்கேக்கையே கண்டனான்.”

“நானும் கண்டனான்,” என்றாள். “குசினி வாசலிலை நிண்டு கண்டனான். நான் இஞ்சை பள்ளிக்கூடம் போய்ப் படிச்சனான் மாமா. ஒஃபிஸிலை வெள்ளைக்காரரோடை வேலை செய்யிறன். இருந்தும் எனக்கு வாய் வரேல்லை.”

சுகந்தி டிஸ்பாச்சருக்கு போன் அடித்தாள். ட்ரக்குகளை எங்கே போ, எங்கே வா என்று ஏவுகிறவருக்கு இங்கே அப்படிப் பெயர். அந்த மனிதனுக்கும் தெரியவில்லை. மலையைத் தாண்ட இரண்டு ரோட்டு உண்டாம், எதால் போவது என்பது ஓடுகிறவன் விருப்பமாம், இரண்டும் பூட்டாம், தயாளன் கூப்பிடவில்லையாம். “உங்கடை மனுசன் எந்த ரோட்டாலை போறன் எண்டு வீட்டிலை சொல்லேல்லையோ எண்டு அவர் என்னைக் கேக்கிறார் மாமா,” என்றாள்.

ஊரில் எங்களுக்குப் பயம் திடீரென்று வரும். விமானச் சத்தம் கேட்கும், ஓடிப் பங்கருக்குள் விழுவோம், முடிந்ததும் எழும்பித் தேத்தண்ணி வைப்போம். பயம் வந்த வேகத்தில் போகவும் தெரிந்தது. இங்கே பயத்தைப் படம் கீறிக் காட்டுகிறார்கள். நாளைக்கு இந்த இடம், நாளன்றைக்கு அந்த இடம் என்று அம்புக்குறி போடுகிறார்கள். அந்த நீலத்துக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாக என் பிள்ளை மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டு இருக்கிறான் என்று தெரியும். எந்தப் புள்ளி என்று தெரியாது. ஓடி ஒளிக்கப் பங்கரும் இல்லை. கதிரையில் இருந்து பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தநாள் சுகந்தி வேலைக்குப் போனாள். போகாவிட்டால் வேலை போய்விடும். “மாமா, போனை விட்டிட்டு எங்கையும் போகாதேங்கோ,” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஓம் என்றேன். மத்தியானம் வரை இருந்தேன். சனலில் அதே நீலம். பம்பைப் பார்க்கக் கூடாது என்று அந்த மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன், அது முதுகைச் சுட்டது. பக்கத்துக் கட்டிடத்தில் ட்ரக் ஓடுகிற இன்னொரு தமிழ்ப் பெடியன் இருக்கிறான், அவனுக்கு ஏதும் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாசல் கதவில் கை வைக்கும்போது பின்னால் ஒரு குரல். “ஹே பாப்பா! வேர் யூ கோ?”

எங்கள் கட்டிடத்தைப் பார்க்கிற சூப்பர், போர்த்துக்கல்காரர். என்னைக் கண்டால் எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அவர்களுக்கு அது அப்பாவாம். கதவில் வைத்த கையை எடுத்துவிட்டேன். பின்னால் நின்று கூப்பிட்டதும் அல்லாமல் எங்கே போகிறாய் என்றும் கேட்டுவிட்டார். இரண்டையும் ஒரே மூச்சில்.

திரும்பி நின்று, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டி அள்ளிச் சொன்னேன். “மை சன். மவுண்டன். ஸ்னோ. ஸ்மோக். நோ ப்ரீத்.” சொல்லும்போது என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அதுதான் வினையாகப் போனது. மூச்சு வராதது எனக்குத்தான் என்று அவர் நினைத்துவிட்டார். ஓடி வந்து தோளைப் பிடித்தார், லொபியில் கிடந்த கதிரையில் அமத்தி இருத்தினார், கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். நான் “நோ நோ, சன், சன்” என்கிறேன். அவர் வெளியே வெயிலைக் காட்டி “யெஸ், நைஸ் சன், யூ சிட்” என்கிறார். பிறகு தன் அறைக்குள் போய் ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

கூப்பிட்டாயிற்று, இருத்தியாயிற்று, தண்ணீரும் வந்துவிட்டது. சின்னராசா செம்பை நிமிர்த்திக் குடித்த அந்த அண்ணாந்த கழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. குடித்தால் என்ன நடக்கும், குடிக்காவிட்டால் என்ன நடக்கும்? அந்த மனிதர் பாவம், கண்ணில் நீர் முட்ட நிற்கிறார். குடித்தேன். அம்புலன்சைக் கூப்பிடப் போனவரைக் கையைப் பிடித்து மறித்து, மேலே விரலைக் காட்டினேன். வெளியே போகிற எண்ணமே போய்விட்டது. அவரே என்னை லிப்டில் ஏற்றிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

திறப்பைப் போடும்போது உள்ளே ரெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

ஓப்பரேட்டர் பெண் ஏதோ கேட்டாள், கோலுக்குக் காசு நாங்கள் கட்டுவோமோ என்றாக்கும், நடுவில் தயாளன் என்று கேட்டது. யெஸ் யெஸ் யெஸ் என்றேன். பிறகு ஒரு மூச்சுச் சத்தம். பூனை கத்துகிற அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா?

“ஐயா... நான்தான். ஒண்டுமில்லை.”

“எங்கை நிக்கிறாய் மோனை?”

“ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூட ஹோலுக்கை... எங்களையெல்லாம் விட்டிருக்கினம். ரெண்டு பக்கமும் ரோட்டு பூட்டு. வெளியிலை முழுக்கப் புகை.” இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தினான். “இஞ்சை ஒரு நேர்ஸ் அம்மா ஆவி பிடிக்கிற மாதிரி ஒண்டை... மூஞ்சையிலை வைச்சு மருந்து தந்தவ. இப்ப பரவாயில்லை. முதலும் ரெண்டு தரம் அடிச்சனான். லைன் கிடைக்கேல்லை. பம்பை விட்டிட்டு வந்திட்டன் ஐயா.”

“கண்டனான்.”

“கண்டனீங்களோ? பிறகேன் கூப்பிடேல்லை?”

கேட்டுவிட்டு, தானே விளங்கிக்கொண்டு சிரிக்கிறான். சிரிப்பும் இருமலும் சேர்ந்து வருகிறது.

“நல்லது. கூப்பிட்டிருந்தா... என்னை இருத்தி ஒரு செம்பு தண்ணியும் பருக்கியிருப்பியள். நான் மலைக்குப் பிந்தி வந்திருப்பன். எனக்குப் பின்னாலை வந்த ட்ரக் ரெண்டு இன்னும் அந்தச் சரிஞ்ச பனிக்குள்ளைதான் நிக்குது.”

“ஆக்கள்?”

“ஆக்களை எடுத்திட்டாங்கள். பயப்பிடாதேங்கோ. சுகந்திட்டைச் சொல்லுங்கோ.”

கூப்பிடாமல் விட்டதால் அவன் மலையில் தப்பினானா, கூப்பிடாமல் விட்டதால் மூச்சுக்குத் தவித்தானா? சூப்பர் என்னைக் கூப்பிட்டிராவிட்டால் அந்த ரெலிபோன் வெறும் வீட்டில் அடித்து ஓய்ந்திருக்கும். கணக்குச் சரிவரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. சூப்பர் மட்டும் என்னைக் கண்டால் நெஞ்சைத் தட்டிக் காட்டி ஓகேயா என்று கேட்கிறார். நான் ஓகே என்கிறேன்.

தயாளன் வந்து சேர்ந்தான். கொஞ்சநாள் வீட்டில் நின்று, திரும்பவும் வெளிக்கிட்டான். வேறு என்ன செய்வது, அவன் வேலை அது. அன்று காலையில் அவன் சப்பாத்துப் போடுவதற்கு முன்பே நான் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். “இந்தக் குளிருக்கை எங்கை மாமா?” என்று சுகந்தி கேட்க வாயெடுத்துவிட்டு, சொண்டைக் கடித்துக்கொண்டாள். பார்க்கிங் லொட்டில், ட்ரக் நிற்கிற இடத்துக்கு அவன் கொண்டுபோகிற காருக்கு முன்னால் பத்தடி தள்ளிப் பனிக்குள் போய் நின்றேன். பூமணி கோழி மறிக்கிறது போல.

தயாளன் வந்து காரில் ஏறினான், என்னைக் கண்டு கண்ணாடியை இறக்கினான். “என்ன ஐயா, விழுந்து சாகவோ?”

“பம்ப் இருக்கோ?”

அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். பிறகு குனிந்து பக்கத்தில் கிடந்த பயணப் பையையும் திறந்து காட்டினான், அங்கேயும் ஒன்று. சிரித்துக்கொண்டே காரை மெதுவாக என்னைச் சுற்றி எடுத்தான். அவன் என்னைக் கடந்த அந்த நிமிஷத்தில் நான் மறுபடி பின்னுக்கு நிற்கிற ஆள். சொல்ல இன்னும் இருந்தது, புகை கண்டால் கண்ணாடியைப் பூட்டு, போன் அடி என்று. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, ஒழுங்கை முடக்கில் நான் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். பூமணி படலையில் நின்றாள். கை பாதி எழும்பியிருந்தது, வாய் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை இறக்கி வாயை மூடிக்கொண்டாள். நான் எதையோ விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவள் கண்டிருக்கிறாள். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மலையில் எந்த ஊரில் காற்று கூடாது என்று காட்டுகிற அந்தச் சனலில் அவள் இருக்கிற ஊர் வருவதேயில்லை.

கார் ரோட்டில் ஏறி மேற்குப் பக்கம் திரும்பிவிட்டது. நான் அந்தப் பக்கம் பார்த்தபடி பனிக்குள் நின்றேன். முதுகுப் பக்கம் இருந்து யாரும் கூப்பிடவில்லை.