இங்கிலீஷ் பேசக்கூடாத அறை

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, செங்கம் ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்த வருஷம் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். அங்கே வேலை போன கணவருக்குப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. மாசத்துக்கு ஒருதரம் வந்து போவார். மற்ற நாள்களில் வீட்டில் நானும் அவளும்தான்.

பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் மிஸ் என்னை வரச் சொன்னார்.

"பாப்பா தண்ணி கேக்கும்போது என்னமோ ஒரு வார்த்தை சொல்றா. தெலுங்கானு ஆயாவைக் கேட்டேன், இல்லைன்றாங்க. வீட்ல என்ன பாஷை பேசறீங்க?"

"தமிழ்தாங்க. அது யூச்சினு ஒரு பாஷை. நாங்க இருந்த ஊர்ல பூர்வகுடி ஜனங்க பேசறது."

மிஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அதெல்லாம் இங்க எதுக்குங்க? வீட்ல தமிழையே கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க. இங்கிலீஷ்ல பேசினாதான் குழந்தைக்கு வரும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஓக்லஹோமாவிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

அங்கே கணவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. கீழ்பென்னாத்தூரில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். கடைக்காரப் பெண் ஏதாவது கேட்டால் புரியாமல் காசை நீட்டுவேன். பக்கத்து வீட்டில் ஒரு யூச்சிப் பெண் இருந்தாள், நாற்பதைத் தாண்டியவள். நான் ஜன்னலோரமே நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு சாயங்காலம் என்னையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

சர்ச்சை ஒட்டிய ஓர் அறை. அந்தப் பாஷை நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மிகச் சில கிழவர்களும் கிழவிகளும்தான். அதில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் கற்றுக்கொள்ள வந்த பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள். உள்ளே நுழைந்துவிட்டால் இங்கிலீஷ் பேசக்கூடாது என்பது ஒன்றே சட்டம். கையைக் காட்டி, எழுந்து, உட்கார்ந்து, தண்ணீரை ஊற்றிக் காட்டி, வார்த்தை வார்த்தையாகச் சொல்லித் தந்தார்கள். எல்லாரும் என்னைப் போலவே திக்கினார்கள். அந்த நாட்டில் நான் வெட்கப்படாமல் வாயைத் திறந்த இடம் அது ஒன்றுதான். என் மகள் பேச ஆரம்பித்ததே தமிழும் யூச்சியும் கலந்துதான்.

இரண்டு கிழவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் யூச்சி பேசியதற்காக அடித்து, வாயில் சோப்புப் போட்டுக் கழுவினார்களாம். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாதென்று வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்த்திருக்கிறார். அப்பாவின் பாஷையை மகள் நாற்பது வயசில் அப்பாவிடமே படித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் சொன்னதைக் கணவரிடம் போனில் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அந்தப் பாஷையால அவளுக்கு என்ன ஆவப் போவுது?"

"அது போனாப் போவுதுங்க. தமிழையும் கம்மி பண்ணச் சொல்றாங்க. அதை நான் செய்ய மாட்டேன்."

அவர் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டில் தமிழ் நிலைத்தது. யூச்சி நிலைக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு அவளோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லுவேன். முதலில் திருப்பிச் சொன்னாள், அப்புறம் விளையாட்டில் கவனம் போயிற்று. ஒரு நாள் குளிப்பாட்டும்போது நான் தண்ணீரைக் காட்டி அந்த வார்த்தையைச் சொன்னதும், "ஏம்மா அப்பிடிப் பேசற? தண்ணினு சொல்லு," என்றாள். அதன் பிறகு அந்த வார்த்தையைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு அங்கே காலையாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு சாயங்காலம் போன் செய்தேன். என் குரல் தெரிந்ததும் யூச்சியிலேயே பேசினாள். நானும் பேசினேன். நாலு வாக்கியத்தில் என்னிடம் இருந்தது தீர்ந்துபோனது. பிறகு அவளே இங்கிலீஷில் சொன்னாள், அப்பா தவறிப்போய்விட்டார் என்று. வகுப்பு நடக்கிறதாம். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது அவள்தான் சொல்லித் தருகிறாள். "பசங்க இப்பல்லாம் யூச்சியிலயே சண்டை போட்டுக்கறாங்க," என்று சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

ஐப்பசி பௌர்ணமி சமயத்தில், வீட்டு ஓனர் மாடி அறையைக் கிரிவலத்துக்கு வந்த ஓர் அமெரிக்கருக்கு வாடகைக்கு விட்டார். அந்த அமெரிக்கரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ஓக்லஹோமா என்றார். என்னையும் மீறி யூச்சியில் வணக்கம் சொல்லிவிட்டேன்.

அவர் கைகூப்பி இங்கிலீஷில் சொன்னார். "தமிழ் எவ்வளவு அழகா இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"இது தமிழ் இல்லைங்க. உங்க ஊர்ப் பாஷை."

தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். யூச்சி வகுப்பு நடந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் அவர் பிறந்த வீடு. யூச்சி என்ற பேரையே அவர் கேள்விப்பட்டதில்லை. அந்த வணக்கத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் படியிறங்கி வரும்போது அந்த வணக்கத்தைச் சொல்லுவார். நடுவில் தொண்டையை அடைத்துத் திறக்க வேண்டிய இடம் அவருக்கு வரவே இல்லை. நான் திருத்துவேன், மறுபடி சொல்லுவார். கார்த்திகை தீபம் முடிந்த வாரம் காலி செய்துகொண்டு கேரளா பக்கம் போனார். மாடி அறை தை வரைக்கும் பூட்டியே கிடந்தது.