இடைவேளையில் கொடுத்த தாம்பூலப் பை

போன வாரம் ஒரு காலையில் சம்பந்தி செல்லமுத்து வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பூலத் தட்டு.

செல்லமுத்து என் மகள் சுமதியின் மாமனார். அவிநாசியில் வெட் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், வாழைப்பழம் பன்னிரண்டு (அதில் ஒன்று ரொம்பக் கனிந்தது), நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை. யாருக்குக் கல்யாணம்? அவர் வீட்டில் கல்யாண வயதில் யாருமே பாக்கி இல்லையே... ஒவ்வொருவராக மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படமுங்க, சம்மந்தி" என்றார்.

"என்ன படமுங்க?"

"சினிமாப் படந்தானுங்க. நாமளே எடுத்தது. வெள்ளிக்கிழமை ரிலீசு. சொந்தபந்தத்துக்குன்னு அவிநாசில காலைக் காட்சி தனியாப் போட்டிருக்கறனுங்க. குடும்பத்தோட முன்னால வந்து நடத்திக் குடுக்கோணும்."

பத்திரிகையைப் பிரித்தேன். 'மின்னல் மெக்கானிக்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' என்று சொந்தக்காரர்கள் பெயர் இருபத்து மூன்று. ஹீரோயின் பெயர் இல்லை.

நான் ஏதாவது சாக்குச் சொல்வதற்குள் என் மனைவி இரண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. போகாமல் இருக்க முடியாது. போய்விட்டு வந்து, ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லவும் முடியாது. என் வேலையோ, ரசத்தில் உப்பு கம்மி என்று வாராவாரம் சொல்வது!

உங்களுக்குத்தான் தெரியுமே. புதுப் படங்களுக்கு இந்தப் பக்கத்தில் நாலு வரித் தீர்ப்பு எழுதுகிறேன். போன மாதம் வந்த பேய்ப் படம் நினைவிருக்கிறதா? பதினேழு தடவை கதவு கிறீச்சிட்டது. 'யாராவது கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தால் படம் அரை மணியில் முடிந்திருக்கும்' என்று எழுதினேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு காதல் படம். எட்டு தடவை மழை. எட்டும் நல்ல மழை. அந்த டைரக்டரை யாராவது சிறுவாணி அணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் கோயமுத்தூருக்குக் குடிதண்ணீர்க் கவலை தீரும் என்றேன். விண்வெளிப் படத்தில் உலகம் மூன்று முறை அழிந்தது — மூன்றையும் தாங்கிக்கொண்டேன், பார்க்கிங்கில் வண்டி எடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அப்புறம் அந்தக் குடும்பப் படம்... முப்பத்தொரு பேர் அழுதார்கள். திரையில். தியேட்டரில் ஒருவரும் அழவில்லை. "இதுக்கு வெங்காயம் அரிஞ்சிருந்தா கொழம்பாவது மிஞ்சியிருக்குமுங்க" என்று என் மனைவி சொன்னதை அப்படியே தீர்ப்பாகப் போட்டேன்.

இப்படிப்பட்ட ஆளுக்குச் சம்பந்தியே தயாரிப்பாளராக வாய்த்தால்?

அன்று மாலையே சுமதி போன் செய்தாள்.

"அப்பா, படம் பாருங்க. ஆனா எழுத வேண்டாங்கப்பா."

"எழுதாம உட்டா, எழுதறதுக்குக்கூட லாயக்கில்லைன்னு நெனைச்சாருன்னு உங்க மாமா நெனைக்க மாட்டாரா அம்மணி?"

"அப்ப நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க."

"நாலா? ரெண்டு கிடைக்குமான்னு பார்க்கறேன்."

"வெளையாடாதீங்கப்பா. நீங்க எழுதிப்போட்டு உங்க ஊட்டுல இருந்துக்குவீங்க. நான் இந்த ஊட்டுல இருக்கோணுமல்ல? மாமா நாலு மாசமாச் சரியாத் தூங்கறதில்லீங்க. அவருக்கு இந்தப் படம்னா..." அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதுக்கரைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கத்தின் நீண்ட நாள் வாசகர். "ஏனுங்க, உங்க சம்மந்தி படம் எடுத்திருக்கறாராமா? இந்த வாரம் எழுதுவீங்களா, இல்லை உங்களுக்குக் காய்ச்சல் வந்துருமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் பன்னைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை தியேட்டர் வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். சந்தனம், கற்கண்டு, பன்னீர் எல்லாம் உண்டு. ஒரு குழந்தை பன்னீர்ச் சொம்பை என் மூக்குக் கண்ணாடியைக் குறிபார்த்தே மூன்று தடவை உதறியது. உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் கேட்டார்: "நீங்க பொண்ணு ஊட்டுங்களா, மாப்பிள்ளை ஊட்டுங்களா?"

யோசித்துப் பார்த்தால் சரியான கேள்விதான். "பொண்ணு ஊடுங்க" என்றேன். அடக்கமாக மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு சீட். ஒன்றுகூடக் காலியில்லை. படம் ஆரம்பித்தது. ஹீரோ ஒரு மெக்கானிக். ஸ்பானரைக் கையில் எடுத்தாலே இடி இடிக்கிறது. இடைவேளைக்குள் நாற்பத்தாறு பேரை அடித்தார். ஒரு வண்டியைக்கூட ரிப்பேர் செய்யவில்லை. ஹீரோயின் ஐந்து இடத்தில் வந்தார். சம்பந்தி கம்பெனியின் வெட் கிரைண்டர் எட்டு இடத்தில் வந்தது. வில்லனின் மாளிகையில், போலீஸ் ஸ்டேஷனில், பாங்காக் டூயட்டில்கூட.

அதைவிட வேதனை — முன் வரிசைக்காரர்கள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொட்டாவி விட்டால் கிசுகிசுப்பு. கண்ணாடியைச் சரிசெய்தால் கிசுகிசுப்பு. ஒரு கட்டத்தில், என்ன முகம் வைத்துக்கொள்வது என்றே எனக்கு மறந்துவிட்டது.

இடைவேளை. மைக்கில் அறிவிப்பு: "சொந்தபந்தமெல்லாம் பக்கத்து மண்டபத்துல சாப்பிட்டுப்போட்டு வந்துருங்க. பந்தி ரெடியா இருக்குதுங்க!"

விருந்தைக் குறை சொல்ல மாட்டேன். இலையில் பதினான்கு அயிட்டம். சந்தகைக்குத் தேங்காய்ப்பால், சுடச்சுட ஒப்பிட்டு என்கிற போளி, அதன்மேல் நெய். சுமதி என் இலைக்கு மட்டும் இரண்டாவது ஒப்பிட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மண்டப வாசலில் சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு நின்று ஒவ்வொருவர் கையிலும் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். வாங்கியவர்கள் "வாரமுங்க, எல்லாம் ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்று கும்பிட்டார்கள். அப்படியே கார்களுக்குப் போனார்கள். வரிசையாக ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சாப்பிட்டாயிற்று. பை கைக்கு வந்தாயிற்று. நம்மூரில் அதற்குப் பிறகும் யாராவது உட்கார்ந்திருப்பார்களா? பையை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

என் மனைவி சுமதியோடு மண்டபத்திலேயே தங்கிவிட்டாள். நான் பை வாங்காமல் உள்ளே போனேன். எழுதுகிறவன் பாதியில் போக முடியாதே. விளக்கு அணைந்தது. எண்ணுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. நான் ஒருவன். சற்று நேரத்தில் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்த செல்லமுத்து. ஆக இரண்டு.

அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். காலி சீட்டுகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பையைக் கடைசில குடுத்திருக்கோணுமுங்க, சம்மந்தி" என்றார்.

ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தேன். அதற்குள் திரையில் ஹீரோ நாற்பத்தேழாவது ஆளை அடித்தார்.

அதன் பிறகு அந்த சீன் வந்தது.

விடிகாலை. ஹீரோ சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். சமையலறையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம். அம்மா செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. எட்டிப் பார்க்கிறான். அப்பா கீழே உட்கார்ந்திருக்கிறார். கிரைண்டரில் அரிசியில்லை, உளுந்தில்லை. வெறும் கல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹீரோ சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகிறான்... நிறுத்தாமல் எடுத்துக்கொள்கிறான். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். அவ்வளவுதான். வசனம் இல்லை, இசை இல்லை.

செல்லமுத்து திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா போனப்பறம் எங்கப்பன் இப்படித்தானுங்க, தெனமும் காலைல வெறுங்கல்லை ஓட்டுவாரு. கல்லு வெறுசா ஓடக்கூடாதுங்க, தேய்ஞ்சுபோகும். ஊட்டுல அத்தனை பேருக்கும் தெரியும். யாருமே நிறுத்தச் சொல்லலீங்க. டைரக்டரு இது வேண்டாம், படம் படுத்துரும்னாரு. இதுக்காகத்தான் படமே எடுக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க. எங்க சொந்தத்துல நாலு பேராவது இதைப் பார்க்கோணும்னு..."

சொந்தம் அந்நேரம் பையோடு பாதி வழி போயிருக்கும்.

அடுத்து மறுபடி சண்டை வந்தது. படம் முடிந்தது. செல்லமுத்து எழுந்து, என் கையைப் பிடித்துக் கும்பிட்டு, எனக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுத்தார். படம் எப்படி என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை என்பது என் வழக்கம். இந்த ஒரு தடவை சுமதிக்கு போன் போட்டுப் படித்தேன்.

'மின்னல் மெக்கானிக்: அடிவாங்கியவர்கள் எழுபத்தொருவர், ரிப்பேரான வண்டி பூஜ்யம். ஹீரோயின் ஐந்து இடத்தில் வருகிறார், வெட் கிரைண்டர் ஒன்பது இடத்தில் வருகிறது. முதல் பாதியை விருந்து போட்டால் பார்க்கலாம். ஆனால் அந்த ஒன்பதாவது கிரைண்டருக்காக, இந்த வருடம் நான் பார்த்த படங்களில் இதைத்தான் மறுபடி பார்ப்பேன். அவிநாசிச் சொந்தங்களே, பையை வீட்டில் வைத்துவிட்டு இரண்டாம் பாதிக்குத் திரும்பி வாருங்கள்.'

படித்து முடித்தேன்.

"அம்மணி?"

"எழுபத்தொண்ணு போடாம இருக்கலாமல்லப்பா?"

"அது எண்ணிக்கை கண்ணு. நான் என்ன செய்ய?"

"இருங்க, மாமா பக்கத்துலதான் இருக்கறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். குடுக்கறேன்."

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"சம்மந்தி... எல்லாம் செரிங்க. ஒண்ணே ஒண்ணு தப்பு."

"சொல்லுங்க."

"கிரைண்டரு ஒம்பது இல்லீங்க, பத்து. அந்த சீன் முடிஞ்ச ஒடனே வந்த சண்டைல வில்லனுக்குப் பின்னால ஒண்ணு இருக்குதுங்க. நீங்க அப்பக் கண்ணாடியத் தொடைச்சிட்டு இருந்தீங்க."

வாசகர்களே, பத்து என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை தெளித்த பன்னீர், அதுவரை காயவில்லை.