ஆறு–ஏழு என்று திருத்திப் படிக்கவும்

மரியபுஷ்பம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மின்வெட்டைப் பற்றி ஒரு ஜோக் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் வசந்திதான் போனில் சொன்னாள். "அக்கா, நம்ம புஷ்பம் போயிட்டாங்க. காலைல நல்லாத்தான் கம்பெனிக்குப் போயிருக்காங்க. செக்கிங் டேபிள்லயே சாஞ்சுட்டாங்களாமா."

"ஐயோ" என்றேன். ஆனால் போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. ஏழு வருஷமாக நான் போடாமல் விட்ட ஒரு திருத்தத்தைப் பற்றிக் கேட்க இனி ஆளில்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே நான் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்கே உறைத்தது. நல்லவேளை, கரன்ட் இல்லை. கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிப்படி ஏறியவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டன் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் பெண்கள் மையம். காலையில் பனியன் வேஸ்ட் துணியில் பொம்மை, மிதியடி, துணியில் ஓவியம். மதியத்துக்கு மேல் எழுத்துப் பயிற்சி. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்த பாவத்துக்காக என்னைப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கே பெண்ணியம், டீ யார் போடுவது என்பதிலிருந்து ஆரம்பித்தது. எல்லாரும் முறை வைத்துப் போட வேண்டும். என் முறை வந்த அன்று எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள்.

புஷ்பம் தெற்கத்திக்காரர். புருஷன் விட்டுப் போன பிறகு கைக்குழந்தையான மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இங்கே திருப்பூருக்கு வந்து, ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர். தைத்த உருப்படியில் எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. அந்தப் பழக்கத்தை மையத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். யானை என்று நம்பி நான் தைத்த பொம்மையின் மேல் ஏழு அம்புகளை ஒட்டி என்னிடமே நீட்டினார்.

"ரிஜெக்ட்டுங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"ரிஜெக்ட் இல்ல எழுத்துக்காரம்மா. பிரிச்சுத் தச்சா பன்னியாவது தேறும்." அன்று சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இங்கன கண்ணுல பட்டா நல்ல தப்பு. திரும்பப் பிரிச்சுக்கிடலாம். கப்பல்ல ஏறிட்டுன்னா நம்ம கையில இல்ல பாத்துக்கிடுங்க."

எழுத்துப் பயிற்சிக்கு மையத்தில் ஒரு முறை இருந்தது. எழுதுகிறவர்கள் பேர் போடாமல் தாளை மடித்து அட்டைப் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கு ஒன்று எடுத்து, அடுத்தவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேர், நாங்கள் உட்கார்ந்திருந்த பாயை மாடி வராந்தாவுக்குக் கொண்டுபோய் ஓங்கி உதறுவார்கள். கேட்டதெல்லாம் அதோடு போயிற்று. ஒரு சொல்கூடப் படியிறங்கக் கூடாது.

அந்த ஞாயிறு என் கைக்கு வந்த தாளில் இப்படி இருந்தது: "நேத்து டேபிளுக்கு ஆறு–ஏழு வயசு சைஸ் வந்துச்சு. ஒண்ண எடுத்து என் மேல வச்சுப் பாத்தேன். கழுத்து என் வயித்துக்கு வருது. அப்ப அவ தல என் நெஞ்சுக்கு வரும். யாரும் பாக்காதப்ப ஒரு நிமிசம் அணைச்சுக்கிட்டேன். பெறவு தப்பு இருக்கான்னு பாத்து அனுப்பிட்டேன்."

பேர் இல்லைதான். ஆனால் நான் வாசித்து முடிக்கும்வரை புஷ்பம் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பாய் உதறும் முறை எனக்கும் அவருக்கும். இரண்டு முனையை அவர் பிடித்தார், இரண்டு முனையை நான் பிடித்தேன். அவர் உதறினார். நான் உதறுவது போல நடித்தேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் பத்தி கொடுக்க வேண்டும், கைவசம் சரக்கு இல்லை. 'பனியனைக் கொஞ்சிய அம்மணி' என்று எழுதிவிட்டேன். பனியனுக்குத் தாலாட்டுப் பாடுவது, பனியன் பதிலுக்குத் தும்முவது என்று என் கைச்சரக்கையும் சேர்த்தேன். ஆறு–ஏழை விட அஞ்சு–ஆறு என்றால் வாய்க்குச் சுகமாக இருந்ததால் அதையும் மாற்றினேன். ஊரே சிரித்தது. ஒரு கல்யாண வீட்டில், "ஏனுங்க, இதெல்லாம் எங்கிருந்துங்க புடிக்கறீங்க?" என்று கேட்டார்கள். நான் அடக்கத்தோடு இன்னொரு ஜிலேபி எடுத்துக்கொண்டேன். புஷ்பம் என் பயிற்சிக்கு வருவது தெரிந்திருந்ததால், பனியனைக் கொஞ்சுவது யாரென்று அவர் கம்பெனியில் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் அவருக்கு 'அஞ்சு–ஆறு' என்று பேர் வைத்தார்.

அடுத்த ஞாயிறு பெட்டிக்குள் என் பத்தியின் நறுக்கு கிடந்தது. போட்டது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வசந்தி மேல் சந்தேகம். எடுத்தது புஷ்பம். முறைப்படி அவரே வாசித்தார். ஒரு வரி விடவில்லை. சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்தி, நேரமும் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, அதில் ஒட்டி, என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிய. சைஸுதான் தப்பு. நான் எழுதுனது ஆறு–ஏழு. நீங்க அஞ்சு–ஆறுன்னு போட்டுட்டியளே. பிள்ள ஒரு வருசம் வளந்ததக் காணுமே."

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னது இது: "அதுக்கென்னங்க அக்கா, அடுத்த வாரம் ஆல்ட்டர் பண்ணி அனுப்பிடறனுங்க." நானே சிரித்தும் வைத்தேன்.

வசந்தி மட்டும் மெதுவாக, "அக்கா, இதுக்கு மன்னிப்பு கேக்கோணுமுங்க" என்றாள். கேட்கவில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் திருத்தம் போடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "காமெடியில சைஸ் யாருங்க பாக்கறாங்க?" என்றார். அந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவள் போல எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று மாசம் மையத்தில் எல்லாரும் மழையைப் பற்றியே எழுதினார்கள். திருப்பூரில் அவ்வளவு மழை பெய்ததே கிடையாது. தன்னைப் பற்றி மறுபடி முதலில் எழுதியது புஷ்பம்தான். நான் உட்கார்ந்திருந்த அதே பாயில் உட்கார்ந்து எழுதினார்.

என்னை அவர் ஒரு நாளும் ஒதுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, நான் கேட்காமலேயே சொல்லுவார். "எழுத்துக்காரம்மா, எட்டு–ஒம்பது ஆயாச்சு." பிறகு, "பத்து–பதினொண்ணு." ஒவ்வொரு தடவையும் நான் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்தேன். கடைசியாகப் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "பதிமூணு–பதினாலு. இதுக்கு மேல லேபிள்ல வயசு போட மாட்டாக. எஸ்ஸு, எம்முன்னுதான் வரும். இனி எப்படிக் கண்டுபிடிக்கன்னு பாக்கணும்" என்றார். பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி ஏறினேன். அது நான் போக வேண்டிய பஸ்ஸே அல்ல.

போன ஞாயிறு மையத்தில் கூடினோம். அவருடைய மகள் ஜெனிபா சித்தியோடு வந்திருந்தாள். அந்தக் குழந்தையை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பாயில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அம்மா வருசத்துக்கு ஒருக்காதான் வருவாக. ஆனா அனுப்புன உடுப்பு ஒண்ணுகூட எனக்குப் பத்தாமப் போனதில்ல. எப்படித் தெரிஞ்சுதுன்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. பாயில் கேட்டதை அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை எப்போதோ ஊருக்கு விற்றவள் நான் ஒருத்திதான். அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். கைப்பையிலிருந்து அந்த நறுக்கை எடுத்தேன். "இது நான் எழுதினது, கண்ணு. உங்கம்மாவப் பத்தி. அவங்களக் கேக்காம எழுதினது" என்று கொடுத்தேன்.

வாசித்தாள். பனியன் தும்மும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் போல எந்தத் திட்டும் என்னைச் சுட்டதில்லை. பிறகு அம்புக்குறியில் விரல் நின்றது. அம்மா தாளில் எழுதியதைச் சொன்னேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

"அப்ப இது ஆறு–ஏழுல்லா?"

"ஆமா கண்ணு."

"அம்மா சொன்ன பெறவும் ஏன் மாத்தல?"

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்க" என்றேன். ஏழு வருஷம் தாமதம், அதுவும் ஆள் மாறி.

அவள் மன்னித்தாளா என்று தெரியவில்லை. நறுக்கை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "அம்மா சரியாத்தான் அளந்தாகன்னு எல்லாருக்கும் தெரியட்டும். நீங்களே எழுதுங்க" என்றாள். அன்று பாயை உதறும்போது எதிர்முனையை அவள் பிடித்தாள். இந்தத் தடவை நானும் உதறினேன்.

புஷ்பத்தின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்த ஒரு ஸ்டிக்கர்தான். பசை காய்ந்து அடிக்கடி உதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் சோற்றுப் பருக்கை வைத்து அதே இடத்தில் ஒட்டிவிடுகிறேன். ஜெனிபா கேட்டபடி, கப்பல் ஏறிப்போன என் தப்புக்கு இதோ திருத்தம்: 'பனியனைக் கொஞ்சிய அம்மணி' என்ற பத்தியில் அஞ்சு–ஆறு என்று வந்தது என் தவறு. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. அவள் தலை அம்மாவின் நெஞ்சுக்கு வரும்.