ஞாயிற்றுக்கிழமை அளவு

அகல்யா விழுந்தபோது அவள் பக்கத்தில் யாருமே இல்லை. யாராலும் நம்ப முடியாமல் போனது அதுதான். தில்லி மாநிலத் தேர்வுப் போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம், கடைசி வளைவு. மற்ற பெண்கள் நன்றாகப் பின்தங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். யாரும் இடிக்கவில்லை, தடம் வழுக்கவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பெண் வலது காலை ஊன்றினாள், அந்தக் கால் அவளைத் தாங்கவில்லை. கம்பி வேலிக்கு இப்பால் நின்று "விடாதே அம்மிணி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அவள் அம்மா அம்சவேணி திறந்த வாயோடு நின்றாள்.

இந்த அம்சவேணியை விளையாட்டு உலகில் தெரியாதவர்கள் குறைவு. பத்திரிகையில் வரும் புகழ் அல்ல, கிள்ளி வாங்கிய புகழ். ராசிபுரத்தில் விலங்கியல் படித்தவள், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் செந்தில்குமாரைக் கட்டிக்கொண்டு லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வந்த சில வருஷத்தில் ஒரு விளையாட்டு அறிவியல் மையத்தில் உடல் அளக்கும் வேலை கிடைத்தது. புஜத்தின் பின்புறம், தோள்பட்டைக்குக் கீழே, வயிறு, தொடை என்று அங்கங்கே தோலை விரலால் கிள்ளித் தூக்கி, காலிபர் என்ற இடுக்கியால் அதன் தடிமனை அளக்க வேண்டும். ஆளுக்கு எவ்வளவு கொழுப்பு என்று அது சொல்லிவிடும். ஹரியானாவிலிருந்து வரும் மல்யுத்தக்காரர்கள், எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிற தடியர்கள், அவள் வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், "அம்சாஜி, மெதுவா!" என்று நெளிவார்கள். முந்தின நாள் கல்யாண வீட்டில் லட்டு தின்றதைக்கூட அவள் கை கண்டுபிடித்துவிடும் என்று ஒரு வதந்தி. அம்சவேணி அதை மறுத்ததே இல்லை. ஏன் மறுக்க வேண்டும்?

வினை வீட்டுக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அகல்யாவின் கோச், "கொஞ்சம் லேசானால் இன்னும் வேகம் வரும்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு அவரே மறந்திருப்பார். அம்சவேணி மறக்கவில்லை. சொந்தமாக ஒரு காலிபர் வாங்கினாள். ஞாயிறு காலை அகல்யாவை ஹாலில் நிறுத்தி அளக்க ஆரம்பித்தாள். எண்ணெய்க் குளியல் அதற்குப் பிறகுதான். எண்ணெய் பட்ட தோல் விரலில் நிற்காது, அளவு பொய்யாகிவிடும். தொழில் சுத்தம் என்றால் அப்படி ஒரு தொழில் சுத்தம்.

அளவு குறைந்திருந்தால் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழிப்பாள். கூடியிருந்தால் திட்டமாட்டாள், அடிக்கமாட்டாள். "பரவால்ல கண்ணு" என்பாள். ஆனால் அந்த வாரம் இரவில் சோறு கிடையாது. கொள்ளுச் சுண்டலும் முட்டை வெள்ளையும் தட்டில் வரும். செந்தில்குமார் ஒருநாள், "புள்ள இன்னொரு தோசை கேட்கறா, குடேன்" என்று தன் தட்டிலிருந்து ஒன்றைத் தள்ளினார். அம்சவேணி அதை எடுத்து அவர் தட்டிலேயே திரும்பப் போட்டாள். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. இது என்ற வேலை."

அவர் அந்தத் தோசையைத் தானே பிட்டுத் தின்றார். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற நல்ல மனிதர்.

இதற்கு நடுவே தைப்பூசம் வந்தது. மகள் மாநில அணியில் தேர்வான பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்காமல், தேர்வாக வேண்டும் என்று முன்கூட்டியே மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. பால்குடம் எடுக்கிற நாளில் மகள் வீட்டுக்கு விலக்காகிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே கவலை. ரகசியமாகக் கேட்டபோது, "அரே அம்மா, அதெல்லாம் வர்றதே இல்ல, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே" என்று சிரித்தாள் அகல்யா. அம்சவேணிக்கு உடம்பு சிலிர்த்தது. முருகனே பார்த்துத் தள்ளி வைத்திருக்கிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் நின்று நின்று வரும் என்று மைதானத்துக் கோச்சுகள் வருஷக்கணக்காகப் பேசிக் கேட்டவள்தானே. அபிஷேகம் நல்லபடியாக நடந்தது.

அவளுக்குத் தெரியாமல் இருந்ததா என்றால், அதுதான் கொடுமை. தெரிந்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. மையத்தில் ஜ்யோத்ஸ்னா என்று ஒரு இளம் ஆராய்ச்சியாளர். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் படித்த தில்லித் தமிழ்ப் பெண். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பற்றாத பெண்களுக்கு உடம்பு என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விளையாட்டு ஹாஸ்டலில் தங்கி ஓடுகிற பெண்களைப் பற்றி ஒரு மதியம் எல்லோருக்கும் படம் போட்டு விளக்கினார். மாதவிலக்கு நின்றுபோன பெண்கள், கால் எலும்பில் மயிரிழை விரிசலோடு ஓடும் பெண்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அம்சவேணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவமுங்க. பெத்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

"பெத்தவா எல்லாம் ஊர்ல இருக்கா அம்சாஜி. பக்கத்துல இருந்தா விடுவாளா?" என்றார் ஜ்யோத்ஸ்னா.

விடமாட்டார்கள் என்று அம்சவேணி தலையாட்டினாள். மனசார ஆட்டினாள். தன் மகள் தன் கண் முன்னால் சாப்பிடுகிறாள், தன் கையால் அளக்கப்படுகிறாள், அவளுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்? அன்று சாயங்காலம் அகல்யா முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டாள்.

அகல்யா விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த வண்டி மோதியது என்று ஹிந்தியில் கேட்டார். வண்டி இல்லை, ஓடும்போது விழுந்தாள் என்றார்கள். அவர் நம்பாமல் மறுபடியும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக இருந்தது. உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்றார். எதற்கும் எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிடுவோம் என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தவர் ஜ்யோத்ஸ்னா. செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அகல்யா, பீரியட்ஸ் கடைசியா எப்போ வந்தது?"

அகல்யா அம்மாவைப் பார்த்தாள். "தசரா லீவுல, மேம். அதுக்கு முன்னாடியும் எப்பவாவதுதான்."

"ஓட்டத்துக்கே நீ சாப்பிடறதெல்லாம் செலவாயிடறது. மிச்சம் இல்லேன்னா உடம்பு எதை நிறுத்தலாம்னு பாக்கும். முதல்ல பீரியட்ஸை நிறுத்தும். அந்த ஹார்மோன் இல்லாம எலும்பு கட்டாது. உனக்குப் பதினேழு வயசு, எலும்பு கட்டற வயசு. இந்த ஸ்கேன்ல இருக்கறது ஒரு கிழவியோட எலும்பு." குரல் உயர்ந்தது. "எந்த முட்டாள் உன்னை இளைக்கச் சொன்னது? பேரைச் சொல்லு, நான் விடப்போறதில்ல. உங்க கோச்சா?"

அம்சவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருகன் தள்ளி வைத்தான் என்று நினைத்தாளே, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மண்டைக்குள் வந்து நின்றன. குறைந்த ஒவ்வொரு அளவுக்கும் நெட்டி முறித்த விரல்கள் இப்போது சில்லிட்டுப்போயிருந்தன.

"யாரும் இல்ல மேம்," என்றாள் அகல்யா, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி. "நானேதான் டயட் பண்ணேன். அம்மாக்குத் தெரியாது."

கால் உடைந்து கிடக்கிற பெண் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்பது அம்சவேணிக்கு உறைக்கச் சற்று நேரமானது. உறைத்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்யுங்க. நான்தானுங்க. வாராவாரம் கிள்ளி அளந்தது நான். சோத்தை நிறுத்துனதும் நான்தான்."

ஜ்யோத்ஸ்னா அவளைப் பார்த்தார். அன்று மதியம் படம் போட்டு விளக்கிய அறையில் முன்வரிசையில் கண் கலங்கிய முகம் இதே முகம்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை போலும். வந்த கோபம் எங்கே போனதோ, ஸ்கேன் உறையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, "நீங்களா அம்சாஜி?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி எப்போது ஓடலாம் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் எடை கூடட்டும், மாதவிலக்கு திரும்பட்டும், எலும்பு என்ன சொல்கிறது என்று அப்புறம் பார்க்கலாம் என்று ஜ்யோத்ஸ்னாவே சொன்னார். சிலருக்கு எலும்பு முழுக்கத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செந்தில்குமார் அந்தத் தோசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அம்சவேணிக்குக் கொஞ்சம் அழுகையாவது வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு காலையில் அவள் சமைத்தாள். குக்கரில் சோறு, பருப்பு, மேலே நெய், ஒரு முழு முட்டை, மஞ்சள் கருவோடு. காலிபரை முந்தின நாளே மடக்கிப் பரண்மேல் போட்டிருந்தாள். கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

அகல்யா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சோபாவில் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணை மொபைலிலிருந்து எடுக்காமலே வலது கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினாள். அளவு சரியாக வர வேண்டுமென்று இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்தபடி, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டாள்.

அம்சவேணி நடு ஹாலில் நின்றுவிட்டாள்.

"சோறுதான் கண்ணு," என்றாள். "சோறு கொண்டாந்திருக்கேன்."

அகல்யா திரும்பி அம்மாவின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்த பிறகும் சட்டைக் கையை உடனே இறக்கவில்லை.