பேரில்லாத பிராது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. பிறகு யாரும் என்னிடம் வந்து, நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று மல்லுக்கு நிற்கக் கூடாது. நான் வேதியியல் படித்தவள். களிமண்ணில் மணல் கூடினால் சூளையில் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் கரண்டு கம்பத்துக்கான பீங்கான் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். சாயங்காலம் திரும்பும்போது தலையெல்லாம் வெள்ளைத் தூசியாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, பழைய துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தட்டும்போது ஓயாமல் பேசுவாள். பக்கத்து வீட்டு ஆடு, ரேஷன் கடைக்காரரின் திமிர், கருவாட்டு விலை எல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரியவரும். எங்கள் தெருவில் அவளை மாதிரிப் பேச ஆள் கிடையாது.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பீங்கான் தொழிலுக்கென்றே மேல்படிப்பு இருக்கிறது, உதவித்தொகையும் தருகிறார்கள் என்று கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏர்மெயிலில் விண்ணப்பம் வரவழைத்தேன். ஏன் இங்கே படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கேள்வி. பக்கம் முழுக்க எழுதினேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். சான்றிதழ்களை டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்து ட்ரூ காப்பி அடித்தேன். ஒவ்வொன்றிலும் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் வண்டி மக்கர் செய்தது.

அந்த அதிகாரி காகிதங்களைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். பீங்கானைப் பற்றிப் படிக்க ஒரு பெண் சீமைக்குப் போக வேண்டுமா, உன் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் பார்த்தால் போதாதா என்று கேட்டார். சுற்றி இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நாளை வா என்றார். நாளை போனால் அடுத்த வாரம் வா என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மேசை மேல் இருந்த மைக்கூட்டை எடுத்து ஊற்றியிருப்பேன்.

இன்னொரு பக்கம் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. பெண்ணாடம் பக்கம் கரும்பு வைத்திருந்தார். தன் மகனுக்கு என்னைக் கட்டிவைப்பது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரர் வரும்போது, பெண்ணை அனுப்ப வீட்டில் சம்மதமில்லை என்று தானே நின்று சொல்லப்போவதாக ஞாயிறுதோறும் வந்து சத்தம் போட்டார். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஏது? அம்மா என் பக்கம்தான். ஆனால் தம்பி முன்னால் அவளுக்கு நாக்கு எழாது.

ஒரு நாள் காலையில் அம்மா என்னைக் கிளம்பச் சொன்னாள். பேனா எடுத்துக்கொள் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு மணவாளநல்லூர் என்றாள்.

எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. மணவாளநல்லூர் சாமியிடம் பிராது கொடுப்பார்கள். போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாதவர்கள், போயும் நியாயம் கிடைக்காதவர்கள், இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுப்பார்கள். அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி வேலில் நூலால் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் சாமி பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிராது கொடுத்தவரே திரும்ப வந்து அதை வாபஸ் வாங்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது.

எனக்குச் சிரிப்பு. இருந்தாலும் போனேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய அதே பேனா, அதே நீல மை. எதிராளி பெயர் என்ற இடம் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். கூடப் பிறந்தவன் பெயரைச் சாமி முன்னால் எப்படிச் சொல்லுவாள்? கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எம்பொண்ணு போறத யாரு வேணாம்னு சொல்றாங்களோ, அந்த வாய சாமி பாத்துக்கணும். அப்பிடியே எழுது."

எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தாள். பூசாரி வாங்கிப் படித்துவிட்டு உடனே கட்டவில்லை.

"பேரு இல்லியேம்மா. பேரில்லாத பிராதுக்கு சாமி யாரப் புடிக்கும்னு சொல்ல முடியாது. யோசிச்சிக்கிங்க."

அம்மா கட்டச் சொல்லிவிட்டாள். வேல் முழுக்கக் காகிதம். காற்றடித்தபோது அத்தனையும் சேர்ந்து சலசலத்தன. மூடிய கதவுக்குப் பின்னால் நிறையப் பேர் தணிந்த குரலில் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அடுத்த வாரம் அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டிவிட்டது, ஒரு சொல் வரவில்லை என்று குமாஸ்தா சொன்னார். நான் காகிதங்களை நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார். உதடும் நாக்கும் அசைந்தன, காற்றுகூட வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு காப்பியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பருவம் மாறுகிறது, சூளைப் புகை வேறு, ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டைக்கட்டு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆமாம் என்றாள். ஆனால் அன்றைக்கு ஆட்டைப் பற்றியோ கருவாட்டைப் பற்றியோ பேசவில்லை.

விண்ணப்பம் கப்பலேறியது. போலீஸ்காரர் விசாரணைக்கு வந்த அன்று மாமாவும் சரியாக வந்து நின்றார். போலீஸ்காரர் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானே என்று கேட்டார். மாமா முன்னால் வந்து வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் மட்டும் இல்லை. போலீஸ்காரர் அவரை ஊமை என்று நினைத்துக்கொண்டு, பாவம் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போனார். மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியாஸ்பத்திரியில் காட்டினார்களாம். தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

நான் பயந்தேன். பயந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயந்தேன்.

இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோது அதைவிடப் பெரிய பயம் காத்திருந்தது. கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உடனே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

என்னோடு மட்டுமல்ல, யாரோடும் பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், சாயங்காலம் வாசலில் நிறுத்தி என் தலையைத் தட்டினாள். எல்லாம் வாய் திறக்காமல். துண்டின் சத்தம் மட்டும் கேட்கும். ஓயாமல் பேசுகிற ஒருத்தி நடமாடும் வீட்டில் பேச்சே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தால்தான் தெரியும். பெட்டி அடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் காகிதம் சலசலக்கும். திரும்பினால் அம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் காகிதமும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

குரல் போய்விட்டதா, இவளே அடக்கிவைத்திருக்கிறாளா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"வேணாம்னு சொல்லிட்டியா? யார்கிட்டயாவது சொல்லிட்டியாம்மா?"

ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கண் மட்டும் என் மேலேயே இருந்தது. அந்தப் பயணமே நாசமாய்ப் போகட்டும், எனக்கு என் அம்மா பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணவாளநல்லூருக்குப் போனேன். டிக்கெட் வந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது, வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று பூசாரியிடம் சொன்னேன்.

வாபஸ் வாங்குகிறவர்கள் பழைய காகிதத்தைத் தேடுவதில்லை. அத்தனை குவியலில் எங்கே தேடுவது? இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் காகிதம் என் கண்ணுக்கு நேரே தொங்கியது. இடையில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது. சுற்றியிருந்தவை எல்லாம் எழுத்துக் கரைந்து வெறும் கறையாகக் கிடந்தன. எங்களுடையதில் ஓர் எழுத்துக்கூடக் கலங்கவில்லை. அந்த மையை எனக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஓடிவிடும் மை அது. தொட்டுப் பார்க்கக் கை போனது, பாதியில் இழுத்துக்கொண்டேன்.

நான் எழுதினேன், அம்மா கைநாட்டு வைத்தாள். பூசாரி பழையதை அவிழ்த்துக் கிழித்துக் கற்பூரத் தட்டில் போட்டார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியதும் கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். மெல்ல, துருப்பிடித்த குரலில் சொன்னாள்:

"போவாதடி."

சொல்லிவிட்டு, குரல் இருக்கிறதா என்று பார்க்கிறவள் போலக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். "போவாத. நீ போயிட்டா அந்த வூட்ல நான் யார்கிட்ட பேசுவேன்?"

நான் எதிர்பார்க்கவே இல்லை. மாமாவும் அதிகாரியும் சொன்னபோது எனக்கு வந்தது ஆத்திரம். அம்மா சொன்னபோது நெஞ்சே விட்டுப்போயிற்று. எனக்கே போக வேண்டாம் என்று ஆகிவிட்டது. சரி, போகல, நான் போக வேணாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

தொண்டை வலிக்கவில்லை, அடைக்கவில்லை. உதடு அசைகிறது, நாக்கு அசைகிறது, சத்தம் இல்லை. திரும்ப முயன்றேன். கண்டக்டர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று என்னைத்தான் கேட்டார். அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடினேன். அம்மாதான் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? வெடுக்கென்று என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"வேணாம், சொல்லாத. ஒண்ணும் சொல்லாத. நான் சொன்னது பொய்யி. நீ போயிட்டு வா, சாமி, நீ போயிட்டு வா."

நான் கிளம்புகிற நாள்வரை அம்மா மூச்சுவிடாமல் பேசினாள். குளிருக்குக் காதைக் கட்டு, எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே, கண்டவர்களோடு சண்டை போடாதே. போகாதே என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை. எனக்குக் குரல் திரும்பவில்லை. பிராது கொடுத்தவளைச் சாமி விட்டுவிட்டது, எழுதியவளை விடவில்லை. போகவில்லை என்று எழுதிக் காட்டலாம் என்று ஒரு முறை பேனாவை எடுத்தேன். அம்மா பறித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

ரயிலடிக்கு மாமாவும் வந்தார். அவருக்குப் பேச்சு வந்திருந்தது. போயிட்டு வாம்மா என்றார். எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போயிட்டு வரேன் என்றுதான் சொல்லுவோம். கடைத்தெருவுக்குப் போனாலும் அப்படித்தான். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதைச் சொல்லுவேன் என்று நின்றாள். வண்டி நகரும்வரை உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன்.

பம்பாய் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். படிக்க என்றேன். குரல் பளிச்சென்று வந்தது.

படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பியபோது மாமாதான் ரயிலடியில் நின்றார். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.