முப்பத்தாறாவது துண்டு

ஈரம் தெளித்த துணியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் 'சுர்'ரென்று எழுகிற ஆவியில் கஞ்சி வாசமும் சிரட்டைக்கரி வாசமும் சேர்ந்து வரும். அந்த வாசம் பிடிக்கும் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் தேய்த்து மடித்த துணியை வாங்கி உடுத்தியவர்கள். எனக்கு அது எட்டாம் வகுப்பின் வாசம். இத்தனை வயதாகியும் தெருவில் எங்காவது அது வந்தால் காது சூடாகிவிடுகிறது.

தச்சநல்லூரில் எங்கள் வீடு துணி வெளுக்கிற வீடு. அம்மா வாய்க்காலில் வெளுத்துக் கொண்டுவருவாள், அப்பா அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி நாலு தெருவுக்கும் 'பெட்டி போட்டு'க் கொடுப்பார். நடக்க இடமில்லாமல் வீடு முழுக்கத் துணி கிடக்கும், பட்டும் வாயில் சேலையும் சரிகை வேட்டியுமாக. அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அடுத்தவர் துணியை மிதித்துவிடக்கூடாது என்று தாண்டித் தாண்டித்தான் நான் நடக்கவே பழகினேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சருக்கு அந்த வருடம் ஓர் ஆசை வந்தது. ஆண்டு விழா மேடையில் தொங்கவிட ஓர் ஒட்டுப்போர்வை தைக்கவேண்டும். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் நாங்கள் முப்பத்தாறு பேர். ஆளுக்கு ஒரு சாண் சதுரத் துணி, அதில் அவரவர் பெயரை அவரவரே நூலால் தைத்துக் கொண்டுவரவேண்டும், வரிசைக்கு ஆறு துண்டாக ஆறு வரிசை. "ஒரு பிள்ள பேருகூட விடக் கூடாது" என்று டீச்சர் தன் வாயாலேயே சொன்னார். ஊர் பார்க்கிற மேடையில் 'பேச்சியம்மாள்' என்ற என் பெயர் தொங்கப்போகிறது என்றால் சும்மாவா? இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீடு கொள்ளாத துணி இருந்தும், வெட்டிக்கொள்ள நமக்கென்று ஒரு துண்டு இல்லை என்பது அம்மாவிடம் போய்க் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா யோசித்துவிட்டுத் தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஓர் அரக்குச் சேலையை எடுத்தாள். நாங்கள் துணி வெளுக்கிற மேலவீட்டுச் சின்னம்மா கட்டிக் கழித்து, ஒரு பொங்கலுக்கு அம்மாவுக்குக் கொடுத்தது. மஞ்சள் கரை வருகிற மாதிரி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தந்து, "சாயம் போவாத சேலட்டி, பாத்துத் தையி" என்றாள். பச்சை நூலில், எழுத்துக்கு எழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன்.

வகுப்பில் ஒவ்வொருத்தியும் தன் துண்டைக் காட்டி, அம்மாவின் பட்டு, அக்காவின் தாவணி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான், "இது எங்க அம்மா கல்யாணச் சேல" என்றேன். மேலவீட்டுக் கோமதி அதே வகுப்பில்தான் இருக்கிறாள், அவளுடைய சித்தி கொடுத்த சேலைதான் அது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கழித்துப்போட்ட சேலையை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று ஓர் அசட்டுத் தைரியம்.

கோமதி என் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நேரே டீச்சரிடம் போனாள். "டீச்சர், இது எங்க சித்தி சேல. இந்தக் கர எனக்குத் தெரியும்லா. வெளுக்கப் போட்டதுல வெட்டிட்டு வந்திருக்கா" என்றாள்.

'ஒங்க சித்தி குடுத்ததுதாம்ட்டி' என்று நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் திருட்டுப் பட்டம் போய்விடும். ஆனால் கல்யாணச் சேலை என்று சொன்னது பொய்யாகிவிடும், அந்த வீட்டில் கழித்ததைத்தான் என் அம்மா கட்டுகிறாள் என்று முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அது அவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பது அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். திருடிதான் என்று ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமாகிவிட்டது.

டீச்சர் சத்தம் போடவில்லை. என்னை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டுபோய்த் தணிந்த குரலில் சொன்னார்: "இங்க பாரு பேச்சி, நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன். வெளிய தெரிஞ்சா ஒங்க அப்பாவுக்கு ஒரு வீட்டுலயும் துணி போட மாட்டாவ. எதுக்கு வம்பு? நீ துண்டு வைக்காண்டாம். ஒங்க வீட்டுல பெட்டி இருக்குல்லா, எல்லாத்துக்கும் நீ தேச்சுக் குடு. அதுவே பெருசு." சொல்லிவிட்டு என் துண்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். அவர் நல்லவர் என்று இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள், அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் பட்டது. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

டீச்சர் தேய்க்கக் கேட்டார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன், அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் துடைத்து, கரியும் விசிறியுமாக அவரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தையல் அறைக்குப் பின்னால் ஒரு செங்கல்மேல் இறக்கி வைத்தார். கங்கு பிடித்ததும், "தாயி, இழுக்காத. வையி, எடு. இழுத்தா துணி கோணிரும்" என்று எனக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயந்திரமே நாலு தெருவிலும், "டீச்சர் எம் மவளத்தான் கேட்டிருக்காவ" என்று சொல்லியாகிவிட்டது. மேலவீட்டிலும் சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அங்கேதான் நின்றேன். உள்ளே மற்றப் பிள்ளைகள் இரண்டு துண்டை மூட்டி நீட்டுவார்கள். மூட்டிய இடத்தில் தையலுக்கென்று விட்ட கால் அங்குலத் துணி உள்பக்கம் நிற்கும். அதை விரித்துத் தேய்க்கக்கூடாது; இரண்டையும் சேர்த்து ஒரே பக்கமாக, முடிந்தவரை அழுத்தமான நிறத்துண்டு இருக்கிற பக்கமாகச் சாய்த்துத் தேய்க்கவேண்டும், இல்லையென்றால் வெளிர் துணிக்கு அடியில் கறுப்பாகத் தெரியும். ஒரு வரிசை வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசை இடப்பக்கம் சாயவேண்டும், அப்போதுதான் நாலு மூலை கூடுகிற இடம் தடித்து முண்டாது. பிறகு மேல்துணி, நடுவில் பழைய கம்பளி, அடியில் முரட்டுக் காடாத் துணி என்று மூன்றையும் அடுக்கி, மூட்டின் வழியாகவே தையல் ஓட்டுவார்கள். சாய்த்த பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஊசி போனால் தையல் கண்ணுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு அழகு என்றார் டீச்சர்.

என் துண்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. டீச்சர் அங்கே ஒரு வெள்ளைத்துணி வைத்து, 'எட்டு ஆ' என்று மிஷினில் தைத்தார். "வகுப்புப் பேருல்லா, அதுக்குள்ள நீயும்தான இருக்க" என்றார். அந்த வெள்ளைத் துண்டின் நாலு பக்கத்து விளிம்பையும் பக்கத்துத் துண்டுகளுக்கு அடியில் தள்ளித் தேய்த்ததும் நான்தான்.

கோமதியின் சந்தன நிறத் துண்டு கைக்கு வந்தபோது பெட்டி நல்ல கங்கில் இருந்தது. பத்து எண்ணுகிற நேரம் அப்படியே வைத்திருந்தால் போதும். நினைக்காமல் இல்லை, பெட்டியைத் தூக்கியும் ஆகிவிட்டது. வைத்து, எடுத்தேன். அதை என் நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துணி கருகினால் அப்பாவின் பெயர் கெடும். அந்தப் போர்வையில் எங்கள் வீட்டுக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான். மூலை முண்டாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். அவ்வளவு நன்றாகச் செய்தேனே என்ற ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

விழாவன்று அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். பெயர்களை அவர் தேடவில்லை. மேடையில் துணி பொங்காமல் விழுந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

சென்ற தேர்தலுக்கு எனக்கு அதே பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. வரிசையில் நகர்ந்துகொண்டே போனபோது கூடத்துச் சுவரில் அந்தப் போர்வை தொங்குவதைப் பார்த்தேன். பட்டு நைந்து நாராகியிருந்தது, நிறமெல்லாம் ஒரே சாம்பலாக வெளிறியிருந்தது. கையால் தைத்த பெயர்கள் நூல் விட்டுப் போய்விட்டன. கோமதி என்ற இடத்தில் இரண்டு இழைதான் மிச்சம். மிஷினில் தைத்த 'எட்டு ஆ' மட்டும் அப்படியே இருந்தது. மூட்டுகள் இன்னும் சாய்த்த பக்கமே சாய்ந்து, ஒரு மூலைகூட முண்டாமல் படிந்து கிடந்தன. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இழுப்பறைக்குள் போன அந்த அரக்குத் துண்டு என்ன ஆயிற்றோ; சாயம் போகாத சேலை அது. டீச்சர் இல்லை, வண்டி இல்லை, கரிப்பெட்டியை அப்பா பழைய இரும்புக்குப் போட்டே பல வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததும், அந்தப் போர்வையைப் பார்த்தேன் என்று அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெட்டிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்களோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஒம் பேரு எங்கன இருக்கு தாயி?"

"பிள்ளைய பேரு ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் நூல் விட்டுப் போச்சு."

அவர் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார்.

"துணி சுருங்கலல்லா?"

"சுருங்கல."

"பெறவு என்ன" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.