நான்காம் நம்பர்

திண்டிவனம் பக்கத்துக் கல் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தில் வாக்கிடாக்கி பார்ப்பது என் வேலை. நான்கு திசையிலும் ஆள் நிறுத்தி வழியை மறிப்போம். நான்கு பேரும் கிளியர் சொன்ன பிறகு நான் தலையசைத்தால்தான் வெடிகாரர் வெடிப் பெட்டியின் சாவியைத் திருப்புவார். பழைய செட்டில் வாயைத் திறக்கவே வேண்டாம். பொத்தானை இரண்டு முறை தட்டினால் இரைச்சலுக்கு நடுவே கர்க் கர்க் என்று கேட்கும். அதுதான் கிளியர்.

விழுப்புரத்திலிருந்து டிஜிட்டல் செட் வந்ததும் இரைச்சல் ஒழிந்தது. தட்டினால் சத்தமே இல்லை, திரையில் அவரவர் நம்பர் மின்னி மறையும். பழக்கம் விடுமா, எல்லோரும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் நம்பரைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே நின்ற என் தங்கை வீட்டுக்காரர் மட்டும் விதிவிலக்கு. குரல் தெளிவாகக் கேட்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதர் வாயை மூடவில்லை. மேற்கு கிளியர், காற்று சுமார், ஒரு நாய் போகிறது, ஓவர் என்று செய்தி வாசிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று குழிகளில் மருந்து நிரப்பி முடித்த பிறகு செஞ்சிப் பக்கம் இடி உறும ஆரம்பித்தது. மின்னல் கிட்டே வந்தால் மருந்து தானாகவே வெடித்துவிடலாம். மூன்று திசையும் கிளியர். மேற்கைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். திரையில் அவருடைய நான்காம் நம்பர் இரண்டு முறை மின்னி மறைந்தது.

"அதான் தட்டிட்டாருல்ல, இன்னா பாத்துக்கினு நிக்கிற? இடி வந்துக்கினு இருக்குது, ஜல்தி தலைய ஆட்டு," என்றார் வெடிகாரர். சாவி வெடிப் பெட்டியில் செருகியபடி இருந்தது.

"அந்த ஆளு தட்டிட்டு சும்மா இருக்கிறவரு இல்லீங்க. சாவிய எடுங்க, போய்ப் பாத்துரலாம்."

"நீ ஒரு பேஜாரு புடிச்ச ஆளு," என்று திட்டிக்கொண்டே சாவியை உருவினார். ஏதாவது ஆகியிருந்தால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்பதே மேற்கே ஓடும்போது முழுக்க என் நினைப்பு.

மேற்கு வழியில், மறித்த கயிற்றுக்கு உள்ளே ஒரு ஷேர் ஆட்டோ மக்கர் பண்ணி நின்றது. திருவக்கரை கோயிலுக்குப் போய்த் திரும்பும் பெண்களும் பிள்ளைகளும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் தொங்கிய செட்டின் பொத்தான் வண்டியில் அழுந்தியது. அவர் தம் பிடித்துத் தள்ளும்போதெல்லாம் என் கையிலிருந்த திரையில் நான்காம் நம்பர் மின்னியது.

"கூப்புட்டது கேக்கலியா?" என்றேன்.

"கேட்டுச்சு மச்சான். கை ரெண்டும் வண்டில இருக்குது, எப்பிடி எடுக்கிறது? நான்தான் கிளியர்னு சொல்லலியே, அப்புறம் எப்பிடி வெடி போடுவீங்க?"

வெடிகாரர் என்னைப் பார்த்தார். அவர் கைக்குள் சாவி இருந்தது. இருவரும் வண்டியில் கை வைத்துத் தள்ளினோம்.